எம்டன் என்னும் பட்டப்பெயர்: கரையோரப் போர்களும் நம் சிரிப்பும்

காரைக்காலில் அடங்காத பேரப்பிள்ளையை அதட்டும் பாட்டிமார் இன்றும் ஒரு சொல்லைக் கையாள்கின்றனர்: 'சரியான எம்டன்!' கொடுக்கல் வாங்கலில் எவருக்கும் பிடிகொடுக்காத வணிகருக்கும் இதே பெயர்தான். பிரம்பைக் கீழே வைக்காத ஆசிரியருக்கும் இதுவே. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொருள் விளங்கிவிடுகிறது. அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதும், அக்கப்பல் ஒரே ஓர் இரவில் சென்னையைச் சுட்டுவிட்டு மறைந்தது என்பதும் அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு. போர் மறந்துபோயிற்று; அதன் பெயர் வசவாக மிஞ்சியது. அதுவும் பாசம் கலந்த வசவாக.

பட்டப்பெயர் சூட்டிப் பிறரைப் பழிப்பதை மார்க்கம் விலக்கியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். எனினும் இந்தப் பட்டப்பெயரைச் சற்று ஆராய்வது பிழையாகாது. போரைச் சிரிப்பாக மாற்றிக்கொள்ளும் வெகுமக்கள் பண்பாடு, அச்சிரிப்பின் வழியே யாரை நம்மவராக்கிக் கொள்கிறது, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது என்ற வினா இச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

மூன்று கொடிகளின் கடற்கரை

இவ்வகைச் சிரிப்புக்குக் காரைக்காலைவிடப் பொருத்தமான ஊர் அரிது. வடக்கே தரங்கம்பாடியில் டேனியர், நடுவே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், தெற்கே நாகப்பட்டினத்தில் முதலில் டச்சுக்காரர், 1781க்குப் பின் ஆங்கிலேயர். ஒரு நாள் நடையில் கடந்துவிடக்கூடிய கடற்கரையில் மூன்று கொடிகள். ஐரோப்பாவில் எங்கோ இரு மன்னர்கள் பகைத்துக்கொண்டால் இங்கே அரசலாற்றங்கரையில் கொடிமரத்தின் துணி மாறும். மாறிய சேதியை ஊரார் துணியைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

தரங்கம்பாடிக் கதையை முதலில் சொல்ல வேண்டும். 1642ஆம் ஆண்டில் அங்கிருந்த டேனியர் முகலாயப் பேரரசின்மீது போர் தொடுத்தனர். அப்போது தில்லி அரியணையில் இருந்தவர் ஷாஜஹான். ஆக்ராவில் தாஜ்மஹால் எழும்பிக்கொண்டிருந்தது. டேனியரிடம் இருந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்க கப்பல்கள். வங்காளத்தில் தமக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு கிட்டவில்லை என்பது அவர்களின் மனக்குறை. தில்லி அரசவை இப்போரைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் அது 1698ஆம் ஆண்டுவரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. இடையில் நோயாலும் சாவாலும் டேனியர் குறைந்துகொண்டே வந்து, 1655ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடிக் கோட்டையில் எஞ்சியவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்க என்னும் ஒரே ஒரு டேனியர். தாய்நாடு அவரை மறந்துவிட்ட நிலையிலும் அவர் போரைக் கைவிடவில்லை. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வங்கக் கப்பல்களைப் பிடித்தார். கிடைத்த கொள்ளையைக் கொண்டு ஊருக்கு மதில் எழுப்பினார். 1669இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோதுதான் கோட்டை இன்னும் தம் கையில் இருப்பது அந்நாட்டாருக்குத் தெரிந்தது. ஒரு மனிதன் ஒரு பேரரசோடு போரிட்ட இந்தக் கதை கேட்கச் சுவையானது. வங்கக் கடலில் சரக்கையும் சில வேளை உயிரையும் இழந்த கப்பற்காரர்களின் பெயர்களை மட்டும் நாம் எங்கும் காண்பதில்லை.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த விதமும் இத்தகையதே. தஞ்சை மன்னர் சாகுஜி 40,000 சக்கரம் விலைக்கு ஊரைத் தர இசைந்தார், பிறகு பின்வாங்கினார். ஆர்க்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிப் இடையே புகுந்தார். அவருடைய படையில் பணியாற்றிய பெரைரா என்னும் ஸ்பானியர் ஊரைப் பிடித்தார். 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக் கொடி ஏறியது. மராட்டிய வழிவந்த மன்னரின் ஊரை, முஸ்லிம் தளபதிக்காக, ஸ்பானியக் கிறித்தவர் பிடித்து, பிரெஞ்சுக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். இதில் யாருடைய சமயம் வென்றது என்று கேட்பவர்களுக்கு வரலாறு சொல்லும் விடை சிரிப்பு ஒன்றுதான். அந்தச் சந்தா சாகிப் 1752இல் தஞ்சைத் தளபதியின் பிடியில் சிக்கித் தலை கொய்யப்பட்டார் என்பதை நினைத்தால் அச்சிரிப்பும் பாதியில் நின்றுவிடும்.

அவர் மாண்ட பிறகும் அவருடைய கணக்கு தீரவில்லை. 1749இல் தஞ்சை மன்னரிடம் அவர் எழுதி வாங்கிய 56 இலட்சம் ரூபாய்க் கடன்பத்திரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1758இல் தளபதி லாலி அப்பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு படையோடு காரைக்காலுக்கு வந்தார். தாலாட்டுக்கும் திருமணப் பாட்டுக்கும் நாம் வைத்திருக்கும் இனிய பெயர் அவருக்கு; வந்த வேலையோ கடன் வசூல். படைக்குச் சோறில்லை, வழியில் கிடைத்ததோ குத்தாத நெல். பசித்த படை அடுத்திருந்த நாகூரின்மேல் பாய்ந்தது. செல்வர்கள் பொருளை முன்பே அகற்றிவிட்டதைக் கண்ட லாலி, எஞ்சியதைக் கொள்ளையிடும் உரிமையைத் தம் குதிரைப்படைத் தலைவர் ஃபிஷருக்கு இரண்டு இலட்சம் ரூபாய்க்குக் குத்தகை விட்டார். மாந்தோப்பையும் மீன்பிடிக் குளத்தையும் குத்தகைக்கு விடுவதை அறிந்த நாம், ஓர் ஊரின் கண்ணீரைக் குத்தகைக்கு விட்டதை இங்குதான் அறிகிறோம். அடுத்துக் கீழ்வேளூரில் கோயிலைச் சூறையாடியும், ஒற்றர்கள் என்ற ஐயத்தில் ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிக் கொன்றும் சென்ற அந்தப் படை, தஞ்சையை வெல்ல முடியாமல் வெடிமருந்து தீர்ந்து காரைக்காலுக்கே திரும்பியது. தர்காவின் ஊரும் கோயிலின் ஊரும் ஒரே மாதிரிக் கொள்ளை போயின. கொள்ளையர்கள் அக்காலத்தில் சமய வேற்றுமை பார்க்கவில்லை என்பதை நல்லிணக்கக் கணக்கில் எழுதுவதா என்று நமக்குத் தெரியவில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பின், 1760 ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. ஊரை ஒப்படைத்த ரெனோ என்பவரே 1757இல் சந்தர்நாகூரையும் ஒப்படைத்தவர். ஊர்களைக் கையளிப்பதில் பட்டறிவு மிக்கவரைத் தேர்ந்தே பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு அனுப்பியிருந்தனர் போலும்! அவரை விசாரித்துப் பதவியை விட்டு நீக்கினர். ஊர் அதன் பின்னும் பலமுறை கைமாறி, 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது.

ஓர் இரவும் ஒரு சொல்லும்

இத்தனை படைகள் வந்துபோன கரையில் லாலியின் பெயரோ ரெனோவின் பெயரோ வசவாகவேனும் நிற்கவில்லை. நின்றது எம்டன் மட்டுமே. 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபொன் முல்லர் தலைமையில் வந்த அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று ஏறத்தாழ 125 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐவர் மாண்டனர். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கப்பல் இருளில் மறைந்தது. அதன்பின் நாட்கணக்கில் சென்னையை விட்டு மக்கள் வெளியேறினர். உயர்நீதிமன்ற மதிலில் அந்த இரவைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

அடிபட்டவை ஆட்சியாளரின் எண்ணெயும் ஆட்சியாளரின் பெருமிதமும். ஆகவே அச்சத்தோடு ஒரு குறும்பு மகிழ்ச்சியும் மக்கள் நெஞ்சில் எழுந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் பெனாங்கில் அக்கப்பல் செய்ததும் சொல்லின் பொருளுக்கு வலுவூட்டியிருக்கக்கூடும். மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டன், நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி ஆங்கிலக் கப்பல்போல் வேடமிட்டுத் துறைமுகத்துள் நுழைந்தது. ரஷ்யாவின் 'ஜெம்சூக்' கப்பலின் தலைவர் அன்றிரவு கரையில் களித்திருந்தார்; அவருடைய மாலுமிகள் எண்பதுக்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டனர். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக்காரரின் 'மூஸ்கே'யையும் எம்டன் மூழ்கடித்தது. அதில் உயிர்தப்பியவர்களைத் தானே ஏற்றியும் சென்றது. மூஸ்கேயில் பறந்த கொடியே அன்று காரைக்காலிலும் பறந்தது. சட்டப்படி எம்டன் நம் ஊரின் பகைக் கப்பல். ஆனால் நம் பாட்டிமார் சட்டம் பார்த்துச் சொல்லெடுப்பவர்கள் அல்லர்.

இச்சொல் தமிழோடு நிற்கவில்லை. இலங்கையில் சிங்களப் பேச்சிலும் எம்டன் நுழைந்தது. மலையாளத்தில் பெரியது, பயங்கரமானது என்னும் பொருள்தரும் 'யமண்டன்' இதன் வழிவந்தது என்பர்; 2019இல் 'ஒரு யமண்டன் பிரேமகதா' என்ற பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. அரை மணி நேரக் குண்டுவீச்சுக்கு மூன்று மொழிகளில் நூறாண்டு வாழ்வு கிட்டியிருக்கிறது.

திரையில் எம்டன்

தமிழ்த் திரையில் இச்சொல்லுக்கு உரிய இடத்தைத் தந்தது 2006இல் திருமுருகன் இயக்கிய படம். கண்டிப்பே உருவான தந்தையாக நாசர், அவரிடம் நடுங்கும் மகனாகப் பரத், இடையில் அகப்பட்டுக்கொள்ளும் மாமனாக வடிவேலு. படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. போர்க்கப்பலின் பெயர் தந்தைக்குப் போவதுதான் இப்படத்தின் நுட்பம். கப்பல் ஒருமுறை சுட்டுவிட்டுப் போய்விட்டது. வீட்டிலிருக்கும் எம்டன் நாள்தோறும் சுடுகிறது, எங்கும் போவதில்லை. நாசரின் முகம் அச்சத்தைத் தருகிறது, அந்த அச்சத்தை வடிவேலு சிரிப்பாக்குகிறார். வன்முறையைப் பொறுத்துக்கொள்ளச் சிரிப்பைப் பயன்படுத்தும் நம் குடும்பங்களின் பழைய உத்தியை இப்படம் உள்ளபடி காட்டுகிறது. அதன் குறையும் அங்கேதான். சிரித்து முடிக்கும்போது தந்தையின் அடியை நாம் மன்னித்துவிடுகிறோம். அடிபட்டவனிடம் எவரும் கேட்கவில்லை.

ஆனால் இப்படத்தைப் பற்றிய மிகச் சிறந்த நகைச்சுவை படத்துக்கு வெளியே நடந்தது. தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று அவ்வாண்டு தமிழ்நாடு அரசு அறிவித்தது. 92 ஆண்டுகள் தமிழர் நாவில் புரண்ட எம்டன் தமிழ்ச்சொல்லாகக் கொள்ளப்படவில்லை. 'எம்டன் மகன்' சுருங்கி 'எம் மகன்' ஆயிற்று. ஆங்கிலேயக் கடற்படை ஏழு வாரம் தேடியலைந்த கப்பலை, வரித்துறை ஒரு சுற்றறிக்கையில் விரட்டிவிட்டது. அவ்வரிவிலக்கு தமிழ்நாட்டுக்கே உரியது. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. எனினும் நம் ஊர்க் கொட்டகைக்கும் படம் மாறிய பெயரோடுதான் வந்தது. எங்கோ எடுத்த முடிவுக்கு ஏற்ப இங்கே பெயர்ப்பலகை மாறுவது காரைக்காலுக்குப் புதிதன்று.

எது தமிழ்ச்சொல் என்ற வினா நமக்கு வெறும் இலக்கண வினா அன்று. கப்பலைச் செலுத்தும் 'மாலுமி' அரபியின் முஅல்லிம். அவர் பிடிக்கும் 'சுக்கான்' அரபிச் சொல்லே. 'சிப்பாய்' பாரசீகம், 'துப்பாக்கி' துருக்கி மொழியின் வழிவந்தது. இவை எவ்வளவு தமிழாகிவிட்டன என்றால், 2012இல் வந்த 'துப்பாக்கி' படத்தின் பெயரை எவரும் அயற்சொல் எனக் கருதவில்லை. பெயர் எங்கிருந்து வந்தது என்பதை மறந்த அந்தப் படம், ஊருக்குள் மறைந்து வாழும் பயங்கரவாதிகளாக முஸ்லிம்களைக் காட்டியது. எதிர்ப்புக்குப் பின் சில காட்சிகள் நீக்கப்பட்டன, படக்குழுவினர் வருத்தமும் தெரிவித்தனர். சென்னையை உண்மையில் சுட்ட ஜெர்மானியர் செல்லப்பெயராக வீட்டுக்குள் வந்துவிட்டார். சுடாத அண்டை வீட்டார் திரையில் சுடப்படுபவராக நிற்கிறார். துருக்கியின் சொல் தமிழாகிவிட்டது. அதைப் பேசும் முஸ்லிமின் தமிழ்மைக்குத்தான் இன்னும் சான்றிதழ் கேட்கிறார்கள்.

ஏறாத கப்பலும் ஏறிய கப்பலும்

சிரிப்பால் நிறைவடையாதவர்கள் எம்டனுக்கு ஒரு வீரக்கதையையும் சேர்த்தனர். செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து சென்னைத் தாக்குதலை வழிநடத்தினார் என்பது தமிழகத்தில் இன்றும் மேடைகளில் முழங்கும் செய்தி. அவர் மெய்யான விடுதலைப் போராளி என்பதில் ஐயமில்லை. ஆனால் 1914இல் அவர் சூரிச் நகரிலும் பின்னர் பெர்லினிலும் இயங்கியவர். கப்பலில் அவர் இருந்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிட்டவில்லை. ஏறாத கப்பலில் அவரை ஏற்றிவிட்ட நம் வெகுமக்கள் பண்பாடு, அக்கப்பலின் கதையோடு உண்மையாகவே பிணைந்த வேறு சிலரை மறந்துவிட்டது. அக்கதை ஆயிஷா என்ற பெயரில் தொடங்குகிறது.

1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை அழித்தது. 130க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் மாண்டனர். அப்போது தந்தி நிலையத்தைத் தகர்க்க ஐம்பதுபேர் அளவில் கரையில் இறங்கியிருந்தனர். கம்பத்தை வீழ்த்தும்போது டென்னிஸ் ஆடுகளத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தார் வேண்ட, ஜெர்மானியரும் அவ்வாறே செய்தனர் என்பது அந்தப் போரின் நாகரிகத்துக்குச் சான்று. கப்பலை இழந்த அக்குழு, அங்கு நின்ற 'ஆயிஷா' என்னும் பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பியது. வழியில் வேறு கப்பலுக்கு மாறி, யமனின் ஹுதைதாவில் இறங்கி, செங்கடற் கரையோரமாக வடக்கே வந்து, ஜித்தாவுக்கு அருகே பதூயின்களோடு பொருது, ஹிஜாஸ் இரயில் ஏறி, 1915 மே மாதம் இஸ்தான்பூல் சேர்ந்தது. அன்னையின் பெயர் தாங்கிய கப்பலில் தப்பியவர்களை, ஹாஜிகளின் புனிதப் பயணத்துக்கெனப் போடப்பட்ட இரும்புப்பாதை கரைசேர்த்தது.

இதே காலத்தில், 1914 நவம்பரில், உதுமானிய அரசு நேச நாடுகளுக்கு எதிராக ஜிஹாத் அறிவித்தது. ஒரு கிறித்தவப் பேரரசரின் தோழமையோடு பிற கிறித்தவ அரசுகள்மேல் தொடுத்த ஜிஹாத் அது. கைசர் வில்லியம் இஸ்லாத்தைத் தழுவி 'ஹாஜி' ஆகிவிட்டார் என்ற வதந்தியும் கீழை நாடுகளில் உலவியது. பிடிபட்ட முஸ்லிம் போர்வீரர்களைத் தம் பக்கம் திருப்ப, பெர்லினுக்கு அருகே வூன்ஸ்டார்ஃப் முகாமில் 1915இல் மரத்தாலான பள்ளிவாசலையும் ஜெர்மானியர் கட்டினர். போர் முடிந்து சில ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டது. தேவை தீர்ந்த பக்திக்கு வேறென்ன கதி!

இந்த நாடகத்தின் விலையைச் செலுத்தியவர்கள் சிங்கப்பூரில் இருந்தனர். எம்டனின் கைதிகளுள் சிலர் அங்கே தங்ளின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களைக் காவல்காத்த ஐந்தாம் இலகுக் காலாட்படை முழுவதும் வடஇந்திய முஸ்லிம் வீரர்களைக் கொண்டது. துருக்கியரோடு போரிடத் தம்மை அனுப்பப்போகிறார்கள் என்ற அச்சம் அவர்களிடையே பரவியது. 1915 பிப்ரவரி 15 அன்று கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் ஜெர்மானியரை விடுவித்தனர். பெரும்பாலான ஜெர்மானியர் அவர்களோடு சேர மறுத்தனர். சிலர் மட்டும் வாய்ப்பைப் பயன்படுத்தித் தப்பியோடினர். கைசரை ஹாஜி என நம்பியவர்களைக் கைசரின் ஆட்களே கைவிட்டனர். கலகக்காரர்கள் நிராயுதபாணிகளையும் கொன்றனர். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதன்பின் 47 வீரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், ஊட்ரம் சிறைமதிலின் முன் ஆயிரக்கணக்கானோர் கூடி அதை வேடிக்கை பார்த்ததும் உண்மை. காசிம் மன்சூர் என்னும் குஜராத்தி முஸ்லிம் காப்பிக்கடைக்காரர் தூக்கிலிடப்பட்டார். பின்னர் சிங்கப்பூர்வாழ் இந்தியர் யாவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என ஆணையாயிற்று.

தெலுக் ஆயர் தெருவில் 1830 அளவிலேயே நாகூர் தர்காவை எழுப்பித் தம் தொழிலும் தொழுகையுமாக வாழ்ந்த நம் கரையோர மக்களும் அந்த ஆணைக்கு உட்பட்டவர்களே. கலகத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. தாடியும் தொப்பியும் பெயரும் போதுமானவையாக இருந்தன.

சொல் கிடைக்காதவர்கள்

போர்களைப் பார்த்துச் சிரிப்பது தவறு என்று நாம் கூறவில்லை. தரங்கம்பாடியின் ஒற்றை டேனியரையும் நாகூரைக் குத்தகைக்கு விட்ட லாலியையும் வேறு எப்படி எதிர்கொள்வது? வலிமையற்றவர்கள் பேரரசுகளைத் தம் அளவுக்குக் குறுக்கிக்கொள்ளும் வழி அது. எம்டனைப் பேரப்பிள்ளையின் பெயராக்கிய பாட்டி ஒரு பீரங்கிக் கப்பலின் பல்லைப் பிடுங்கியிருக்கிறாள். ஆனால் அவள் சொல்லில் முல்லருக்கு இடம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் மாண்ட ஐவருக்கு இல்லை, காப்பிக்கடைக் காசிமுக்கு இல்லை, பதிவேட்டில் பெயரெழுத வரிசையில் நின்ற நாகூர்க்காரருக்கும் இல்லை. நகைச்சுவை அடித்தவனை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடிபட்டவனை நினைவில் வைப்பது எழுத்தின் வேலை.

அவ்வேலையை நம்மிலிருந்தே தொடங்கலாம். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் ஊர்களில் சிங்கப்பூருக்கும் பெனாங்குக்கும் சென்று வந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவ்வீடுகளின் தகரப் பெட்டிகளில், பழைய நிக்காஹ் ஏடுகளுக்கும் நிலப்பத்திரங்களுக்கும் இடையே, 1915ஆம் ஆண்டுக் காகிதம் ஏதேனும் மங்கிக் கிடக்கக்கூடும். கிடைத்தால் செல்லரிக்கும் முன் படியெடுத்து வையுங்கள். அதைப் படித்துக்காட்டும்போது அருகில் ஓடியாடும் பிள்ளையைப் பாட்டி 'எம்டன்' என்று அதட்டினால், அவளைத் தடுக்க வேண்டாம். அந்தக் கப்பலின் மீதிக் கதையையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் போதும்.